ஹில்டா கூப்பர்: ராஜாவோட அனுமதியில சடங்கைப் படிச்ச மானுடவியலாளர்

வேம்படி எழுதியது:

மானுடவியல்னு பேச்சு வந்தாலே நம்மாளுங்க மாலினோவ்ஸ்கி, லெவி ஸ்ட்ராஸ், டர்னர்னு அங்கயே நின்னுடறாங்க. ஹில்டா கூப்பரைப் பத்தி தமிழ்ல யாராவது நாலு வரி எழுதி நான் பார்த்ததில்ல. இத்தனைக்கும் தென்னாப்பிரிக்காவுல நேட்டால் பகுதியில கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்ம ஜனங்களைப் பத்தி 1960-லயே முழுப் புத்தகம் போட்டவங்க அவங்க. அதுக்கு அப்புறம் வரேன், முதல்ல ஸ்வாஸிலாந்து, தென்னாப்பிரிக்கா பக்கத்துல இருக்கிற சின்ன ராஜ்யம் (இன்னைக்கு எஸ்வாட்டினி).

1911-ல புலவாயோல பிறந்தவங்க (இன்னைக்கு ஜிம்பாப்வே), யூதக் குடும்பம், அப்பா இறந்தப்புறம் ஜோஹன்னஸ்பர்க் வந்துட்டாங்க. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்துல வினிஃப்ரெட் ஹெர்ன்லேங்கிற அம்மாகிட்ட படிச்சாங்க, அந்த அம்மாகிட்ட அதே காலத்துல படிச்ச இன்னொருத்தர் தான் பின்னாடி பெரிய மானுடவியலாளரான மேக்ஸ் க்ளக்மன். அப்புறம் லண்டன், மாலினோவ்ஸ்கி. 1934-ல ஜோஹன்னஸ்பர்க்ல நடந்த ஒரு கல்வி மாநாட்டுல ஸ்வாஸி ராஜா இரண்டாம் சோபுஸாவை நேர்ல பார்த்தாங்க, அந்த அறிமுகத்துல தான் களப்பணிக்கே வழி பிறந்தது. லோபாம்பாவுல, அதாவது ராஜமாதா இருக்கிற ஊர்ல, தங்க இடம் கிடைச்சது. வயசு இருபத்தி மூணு.

அங்க அவங்க பார்த்தது இன்க்வாலா. வருஷக் கடைசியில, தென்பாதி பூமிக்கு அது கோடை உச்சி, அப்ப நடக்கிற முதல் அறுவடைச் சடங்கு. புது விளைச்சலை ராஜா வாயில வைக்கிறதுக்கு முன்னாடி மத்தவங்க தொடக்கூடாது. கடல் தண்ணி எடுக்க ஒரு கூட்டம், ஆத்துத் தண்ணி எடுக்க ஒரு கூட்டம் முன்கூட்டியே கிளம்பும். கல்யாணமாகாத பசங்க ராத்திரி நடந்து போய் லுசெக்வானேங்கிற செடியோட கிளையை ஒடிச்சிட்டு வரணும், எவன் கையில இருக்கிற இலை வாடுதோ அவன் ஒழுக்கம் தவறிட்டான்னு ஊருக்கே தெரிஞ்சிடும். கறுப்புக் காளை ஒண்ணை விரட்டி வெறுங்கையால அடிச்சு விழுத்துவாங்க. ராஜா பச்சைப் புல்லால உடம்பை மூடிக்கிட்டு மனுஷன் மாதிரியே இல்லாத கோலத்துல வெளிய வருவார். கடைசியில பழைய வருஷத்துப் பொருளை எல்லாம் எரிப்பாங்க, அந்த நெருப்பை அணைக்க மழை வரணும்.

இதை அக்குவேறு ஆணிவேறா எழுதி வெச்சவங்க ஹில்டா கூப்பர். இன்னைக்கு வரைக்கும் இன்க்வாலாவைப் பத்தி யார் எழுதினாலும் அவங்க எழுத்து வழியா தான் போகணும்.

---

சுடர்க்கொடி எழுதியது:

இந்த இழை ஆரம்பிச்சதுக்கு நன்றி. எம்.ஏ-ல இன்க்வாலா வந்துச்சு, ஆனா க்ளக்மன் பேர்ல தான் வந்துச்சு! கூப்பர் பேரு அடியில சின்ன எழுத்துல. ராஜாவுக்கு எதிரா அவரோட ஜனங்களே வெறுப்புப் பாட்டு பாடுவாங்கன்னு படிச்ச ஞாபகம். "உன்னை வெறுக்கிறாங்க, வெறுக்கிறாங்க"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி. ராஜா முன்னாடியே அப்படிப் பாடினா ஏன் யாரும் தடுக்கல, அது தான் எனக்கு அப்ப இருந்து உள்ள உறுத்திட்டே இருக்கு.

---

வேம்படி எழுதியது:

ஆமா, அங்க தான் விஷயமே இருக்கு. க்ளக்மன் 1952-ல க்ளாஸ்கோவுல ஒரு சொற்பொழிவு நடத்தினார், தென்கிழக்கு ஆப்பிரிக்காவுல கலகச் சடங்குகள்னு, 1954-ல அச்சாச்சு. அதுல ஸ்வாஸி பத்தின பகுதி பூரா கூப்பர் சேகரிச்சது. அவர் வாதம் என்னன்னா, ராஜாவை வெறுக்கிற இளவரசர்கள், அதிருப்தியில இருக்கிற குடிகள் எல்லாருக்கும் சடங்குல ஒரு நாள் வாயைத் திறக்க அனுமதி உண்டு, வெறுப்பைப் பாடித் தீர்த்துட்டா அரசு இன்னும் உறுதியாகும். எதிர்ப்பு அந்த ஆளு மேல தான், சிம்மாசனத்து மேல இல்ல. இவனை இறக்கிட்டு வேற ஒருத்தனை ஏத்தணும்னு நினைப்பாங்களே தவிர ராஜாவே வேணாம்னு யாரும் நினைக்கல, அந்த மாதிரி ஒழுங்கு கேள்விக்குள்ளாகாத சமூகத்துல மட்டும் தான் இப்படிப்பட்ட சடங்கு இருக்க முடியும்னு சொன்னார். ஜூலுப் பொண்ணுங்க வருஷத்துல ஒரு சமயம் ஆம்பளை உடுப்பு போட்டுக்கிட்டு மாடு மேய்க்கப் போற நொம்குபுல்வானா சடங்கையும் இதோட சேர்த்துக்கிட்டார்.

கேக்க ரொம்ப அழகா இருக்கும். உலகம் முழுக்க இதை எடுத்துக்கிட்டுப் போய் கார்னிவல்ல இருந்து ஹோலி வரைக்கும் ஒட்டிப் பார்த்தாங்க. என் அபிப்பிராயம், அது கூப்பரோட புத்தகத்துல பாதியை மட்டும் படிச்சுட்டு எழுதின வாதம்.

---

ஆற்றுமணல் எழுதியது:

பாதி இல்ல, அந்தப் பாதியையும் சரியா படிக்கலன்னு சொன்னவர் இருக்கார். பீடல்மன்னு ஒரு மானுடவியலாளர். 1966-ல ஸ்வாஸி அரச சடங்கைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதுல அவர் கேக்கிறது ரொம்ப நேரான கேள்வி, இந்தப் பாட்டை ஸ்வாஸிகள் எப்படிப் புரிஞ்சிக்கிறாங்க, அதை விட்டுட்டு நாம ஏன் கலகம் கலகம்னு சொல்றோம். அவர் பார்வையில ராஜாவை எல்லா உறவுல இருந்தும் குலத்துல இருந்தும் பிரிச்சுத் தனியா நிறுத்தறாங்க, அப்பதான் சாதாரண மனுஷன் தாங்க முடியாத சக்தி அவர் மேல இறங்கும். வெறுப்புப் பாட்டு, நிர்வாணம், புல் கோலம் எல்லாமே அந்தப் பிரிப்புக்கான வேலை. வெறுப்பைக் கொட்டித் தீர்க்கிற கதையே அங்க கிடையாது. ராஜகுலத்தாரையும் வெளியாரையும் ஒரு கட்டத்துல வெளிய போகச் சொல்றாங்களே, அதையும் இந்த வழியில பார்த்தா தான் பொருந்துது.

சுடர்க்கொடி கேட்டதுக்கு இது தான் பதில்னு நான் நினைக்கிறேன். யாரும் தடுக்கலன்னா அது ராஜாவுக்கு எதிரான பாட்டே இல்ல, அவருக்காகப் பாடற பாட்டு.

---

கரிசல்பிள்ளை எழுதியது:

நான் பள்ளிக்கூடத்துல சரித்திரம் நடத்தறவன், மானுடவியல் ஆழமா தெரியாது, ஆனா இவ்வளவு பேசியாச்சு, யாரும் நிலத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, அதான் வந்தேன்.

சோபுஸாவோட தாத்தா பந்த்ஸேனி காலத்துல வெள்ளைக்காரங்களுக்கு மேய்ச்சல் உரிமை, சுரங்க உரிமை, வியாபார உரிமைன்னு காகிதம் காகிதமா எழுதிக் குடுத்து, ஒரே நிலத்துக்கு நாலு பேரு உரிமை கொண்டாடற நிலைமை வந்துடுச்சு. பிரிட்டிஷ்காரன் வந்து 1907-ல சட்டம் போட்டு பங்கு பிரிச்சான், நாட்டுல மூணுல ஒரு பங்கு தான் ஸ்வாஸிகளுக்கு, மிச்சம் வெள்ளைக்காரங்களுக்கும் சர்க்காருக்கும். சோபுஸா அப்ப சின்னப் பையன், பாட்டி லபோத்ஸிபேனி தான் ஆட்சி. பசங்களை ஜோஹன்னஸ்பர்க் சுரங்கத்துக்கு அனுப்பி காசு சேர்த்து அந்த நிலத்தைத் திரும்ப வாங்கறதுக்கு அந்தக் கிழவி பட்ட பாடு தனிக் கதை. 1921-ல பேரன் பட்டத்துக்கு வந்தார், அடுத்த வருஷமே லண்டனுக்குப் போய் முறையிட்டார், வழக்கும் போட்டார், 1926-ல பிரிவி கவுன்சில்ல, அதாவது லண்டன்ல இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றத்துல, தோத்துட்டார்.

இதுக்கு எட்டு வருஷம் கழிச்சு தான் இந்த அம்மா அங்க போறாங்க. நிலம் போய், வழக்கு தோத்து, ஆம்பளைங்க பாதிப் பேரு சுரங்கத்துல கிடக்கிற ஒரு நாட்டுல நடக்கிற சடங்கை, "ஒழுங்கு கேள்விக்குள்ளாகாத சமூகம்"னு க்ளக்மன் எப்படிச் சொன்னார்னு எனக்குப் புரியவே இல்ல. ராஜாவுக்கு மேல ரெசிடென்ட் கமிஷனர்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி உக்காந்திருக்கான் சார்.

---

வேம்படி எழுதியது:

கரிசல்பிள்ளை, நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிட்டீங்க. கூப்பர் இதை விடல. அவங்க ஆராய்ச்சி ரெண்டு புத்தகமா வந்துச்சு, ரெண்டும் 1947. ஒண்ணு 'ஆன் ஆஃப்ரிக்கன் அரிஸ்டோக்ரஸி', அதுல அந்தஸ்து, குலம், அரசு, இன்க்வாலா. இன்னொண்ணு 'தி யூனிஃபார்ம் ஆஃப் கலர்', அதுல வெள்ளைக்காரங்களுக்கும் கறுப்பு ஜனங்களுக்கும் உள்ள உறவு, மிஷன் பள்ளிக்கூடம், கூலி வேலை, கடைக்காரங்க, அதிகாரிங்க, மிஷன்ல இருந்து தனியாப் பிரிஞ்ச ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ சபைகளான சீயோன் சபைங்க. முதல் புத்தகம் லண்டன்ல இருந்து ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடா வந்து உலகம் பூரா போச்சு. ரெண்டாவது ஜோஹன்னஸ்பர்க்ல விட்வாட்டர்ஸ்ராண்ட் அச்சகத்துல வந்து அங்கயே தங்கிடுச்சு. க்ளக்மன்ல இருந்து பீடல்மன் வரைக்கும் சண்டை போட்டது முழுக்க முதல் புத்தகத்தை வெச்சு தான்.

ஒரே ஊரு, ஒரே ஜனங்க, ஒரே வருஷங்கள், அதை நடுவுல கோடு போட்டு ரெண்டா பிரிச்சதும் சடங்கு ஒரு பக்கம் காலத்துக்கு வெளிய நிக்குது, காலனி ஒரு பக்கம் சடங்கே இல்லாம நிக்குது. எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது, ஏன்னா ரெண்டாவது புத்தகத்துல இருக்கிற ஒவ்வொரு பக்கமும் முதல் புத்தகத்தைப் புரிஞ்சிக்கத் தேவைப்படுது. ஒரு உதாரணம் சொல்றேன். சோபுஸாவோட அம்மா, ராஜமாதா லோமாவா, சீயோன் சபை பக்கம் சாய்ஞ்சாங்க. ராஜமாதா இன்க்வாலாவுல முக்கியமான இடத்துல இருக்கிறவங்க, அவங்க கிறிஸ்தவத்துக்குப் போனா சடங்கு நடத்த முடியாதுன்னு ராஜசபையில பெரியவங்க நின்னுட்டாங்க, 1938-ல அவங்க இறந்தப்போ பழைய முறைப்படி தான் அடக்கம் நடந்துச்சு. இதுல எது சடங்கு எது காலனி, பிரிச்சுக் காட்ட முடியுமா யாராலயாவது?

க்ளக்மனையும் ஒரேயடியா தள்ளிட வேணாம். அவரே 1938 ஜனவரியில ஜூலுலாந்துல ஒரு பாலம் திறந்ததைப் பார்த்து எழுதின கட்டுரை இருக்கு. ஒரு கரையில வெள்ளைக்காரங்க டீ குடிக்கிறாங்க, மறு கரையில ஜூலுக்காரங்க மாட்டுக்கறியும் பீரும், நடுவுல ரிப்பன் கட்டி கார் ஓட்டிப் போறாங்க, ஜூலு வழக்கப்படி பாலத்து அடியில மாட்டுப் பித்தநீர் ஊத்தறதைப் பத்தி வெள்ளை அதிகாரியே பேசறார். அதைப் பார்த்துட்டு இவங்க ரெண்டு தனித்தனி சமூகம் இல்ல, நிறத்தால பிளவுபட்ட ஒரே சமூகம்னு எழுதினவர் அவர். அவ்வளவு கூர்மையான கண்ணு உள்ளவர் இன்க்வாலாவுக்கு வரும்போது மட்டும் வெள்ளைக்காரனைக் கழட்டி விட்டுட்டார். கையில இருந்த புத்தகம் அப்படிப் பிரிஞ்சு கிடந்ததும் ஒரு காரணம்னு நான் நம்பறேன்.

---

வடமராட்சியான் எழுதியது:

எல்லாரும் நல்லா எழுதுறியள். ஆனா எனக்கு ஒரு விஷயம் நெருடுது. இந்த அம்மாவை ராஜா தான் உள்ளுக்கு விட்டவர், ராஜாவின்ர ஊரில தான் இருந்தவ, ராஜகுலத்து ஆக்கள் தான் கூடுதலா கதை சொன்னவை. அப்ப அவவின்ர புத்தகத்தில நாங்கள் பாக்கிற ஸ்வாஸி நாடு ஆற்ற நாடு? ட்லாமினி குலத்தின்ர, அதாவது ராஜகுலத்தின்ர நாடு தானே. குடியானவன், சுரங்கத்துக்குப் போனவன், அவன்ர பெண்சாதி, இவையளுக்கு இன்க்வாலா எப்பிடித் தெரிஞ்சது எண்டு ஆர் கேட்டது?

இன்னொண்டு. 1968-ல சுதந்திரம் கிடைச்சுது. 1972 தேர்தலில எதிர்க்கட்சி மூண்டு இடம் எடுத்துது, மூண்டே மூண்டு. 1973 ஏப்ரலில சோபுஸா அரசியலமைப்பையே தூக்கி எறிஞ்சு கட்சியளைத் தடை செய்தார். இது வெள்ளைக்காரன் தந்த சட்டம், எங்கட பாரம்பரியத்துக்கு ஒத்துவராது எண்டது தான் அவற்ற நியாயம். அஞ்சு வருஷம் கழிச்சு, 1978-ல, அதே ராஜாவின்ர அதிகாரபூர்வ வாழ்க்கை வரலாறு வருது. எழுதினது ஆர்? ஹில்டா கூப்பர். 1970-ல குடியுரிமையும் வாங்கியிருந்தவ. சடங்கைப் பற்றி எழுதின புத்தகம் ஆட்சிக்கு ஆதாரமாப் போறது சின்ன விஷயம் இல்லை.

---

சுடர்க்கொடி எழுதியது:

வடமராட்சியான் அண்ணா, நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு, 1978 புத்தகத்தை நானும் காப்பாத்த வரல. ஆனா 1934-ஐயும் 1978-ஐயும் ஒரே தட்டுல வெக்கிறது எனக்கு ஒத்துக்க முடியல. 1934-ல சோபுஸா நிலம் இழந்து, கேஸ் தோத்து, பிரிட்டிஷ் அதிகாரி முன்னாடி கை கட்டி நிக்க வேண்டிய ஆளு. தன் ஜனங்க காட்டுமிராண்டிங்க இல்ல, எங்களுக்குன்னு சட்டம் இருக்கு, முறை இருக்குன்னு நிரூபிக்க அவருக்கு ஒரு மானுடவியலாளர் தேவைப்பட்டாங்க. ஒரே வயசுப் பசங்களை ஒரு படையா சேர்த்து வளர்க்கிற பழைய முறையைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு வரணும்னு அவர் அந்தக் காலத்துலயே கேட்டிருக்கார், அதைப் பத்தி ஹெர்ன்லேவும் இன்னொரு மானுடவியலாளர் ஷாபேராவும் அறிக்கை எழுதிக் குடுத்திருக்காங்க. மிஷனரிங்க கடுமையா எதிர்த்தாங்க. அந்தச் சூழ்நிலையில ராஜா பக்கம் நின்னது காலனிக்கு எதிரா நின்னது தான். நாப்பது வருஷம் கழிச்சு அதே ராஜா அதிகாரத்துல இருக்கும்போது அதே இடத்துல நின்னது தான் பிரச்சனை.

இன்னொரு கேள்வி, கள ஆய்வுக்குப் போற பொண்ணு, தனியா, 1934, யாராவது ஒருத்தரோட ஆதரவு இல்லாம எப்படிப் போயிருக்க முடியும்? மாவட்ட அதிகாரியோட ஆதரவுல போயிருந்தா அது மட்டும் சுத்தமா இருந்திருக்குமா?

---

வடமராட்சியான் எழுதியது:

தங்கச்சி, ஆதரவு எடுத்ததைப் பிழை எண்டு நான் சொல்லேல்லை. ஆற்ற ஆதரவில நிண்டு பாத்தம் எண்டது ஒவ்வொரு பக்கத்திலயும் தெரிய வேணும், அது தான் என்ர கருத்து. மற்றபடி நீங்கள் காலத்தைப் பிரிச்சுச் சொன்னது சரி, அதை நான் ஏற்றுக்கொள்ளுறன்.

---

ஆற்றுமணல் எழுதியது:

இதுக்கு நடுவுல மத வரலாற்று ஆய்வாளர் ப்ரூஸ் லிங்கனைச் சேர்த்துக்கணும். 1987-ல எழுதின கட்டுரை, இன்க்வாலாவைத் திரும்பவும் எடுத்துப் பார்க்கிறார். கூப்பர் பார்த்த 1930-கள்ல அந்தச் சடங்கு யாரை எதிர்த்துச்சுன்னு கேட்டு, அது பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா ஸ்வாஸிகளை ஒண்ணு சேர்த்த சடங்குன்னு சொல்றார். வெள்ளை அதிகாரிங்க விருந்தாளியா வந்து உக்காந்திருக்காங்க, வேடிக்கை பார்க்கிறாங்க, ஆனா முக்கியமான கட்டத்துல வெளியாரெல்லாம் வெளிய போகணும். ரெசிடென்ட் கமிஷனருக்கு அந்த நாட்டுல எல்லாக் கதவும் திறக்கும், சடங்கு நடக்கிற அந்த ஒரு மாட்டுத் தொழுவத்தைத் தவிர.

வேம்படி சொன்ன ரெண்டு புத்தகத்தையும் சேர்த்துப் படிச்சா லிங்கன் போற திசைக்கு நாமளே வந்து சேர முடியும். நான் பீடல்மன் பக்கம் தான், இருந்தாலும் பீடல்மன் சொல்ற சக்தி எதுக்குத் தேவைப்பட்டுச்சுங்கறதுக்கு கரிசல்பிள்ளை சொன்ன 1907 பதில் சொல்லுது. ராஜா சின்னப் பிள்ளையா இருக்கிற வரைக்கும் இன்க்வாலாவை முழுசா நடத்தக்கூடாது. அப்ப சோபுஸா வளர்ற வரைக்கும், நிலம் கைவிட்டுப் போன அந்த இருபது வருஷமும், நாட்டுல முழு இன்க்வாலாவே இல்ல. 1921-ல பட்டம் கட்டினப்புறம் தான் திரும்ப வருது. அந்த ஜனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க.

---

மெரினாக்காத்து எழுதியது:

எல்லாம் சரி, நேட்டால் புத்தகத்துக்கு அப்புறம் வரேன்னு சொல்லிட்டு வேம்படி வரவே இல்ல, எங்க தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் அங்க போய் திரும்பி வரலன்னு வீட்டுல சொல்வாங்க, அதனால ஆவலா காத்திட்டிருக்கேன், அதுல என்ன எழுதியிருக்காங்க?

---

வேம்படி எழுதியது:

வந்துட்டேன். அவங்க புருஷன் லியோ கூப்பர் சமூகவியலாளர், இனப்படுகொலை ஆய்வுல பெரிய பேரு. அவருக்கு நேட்டால் பல்கலைக்கழகத்துல வேலை கிடைச்சு 1950-கள்ல ரெண்டு பேரும் டர்பனுக்குக் குடி வந்தாங்க. அங்க லிபரல் கட்சியிலயும் இருந்தாங்க, நிறவெறி ஆட்சி இறுகிட்டே வந்த காலம் அது. அப்ப ஹில்டா எடுத்துக்கிட்ட வேலை தான் 'இந்தியன் பீப்பிள் இன் நேட்டால்', 1960.

மெட்ராஸ்ல இருந்து கிளம்பி 1860 நவம்பர்ல டர்பன்ல போய் நின்ன ட்ரூரோ தான் முதல் கூலிக் கப்பல். 1911-ல நிறுத்தற வரைக்கும் சுமார் ஒண்ணரை லட்சம் பேரு போயிருக்காங்க, அதுல பெரும்பாலானவங்க சென்னைத் துறைமுகம் வழியா போன தமிழ், தெலுங்கு ஜனங்க. கூப்பர் கேட்ட முக்கியமான கேள்வி ஜாதி என்ன ஆச்சுங்கறது. கப்பல்ல எல்லாரும் ஒண்ணா படுத்து ஒண்ணா சாப்பிட்டாச்சு, தோட்டத்துல ஒரே லைன் வீடு, ஒரே வேலை, ஒரே சவுக்கு. யார் எந்தத் தொழில்னு சொல்ல ஊரும் இல்ல, பஞ்சாயத்து கூட்ட ஆளும் இல்ல. ஜாதியைத் தாங்கிப் பிடிக்கிற தூண் எல்லாம் விழுந்துட்டுது. ஆனா கல்யாணம்னு வந்தா அங்க நின்னுச்சு, தமிழாளுக்குத் தமிழாள், தெலுங்காளுக்குத் தெலுங்காள், அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சம் பழைய கணக்கு. குடும்பம், தீ மிதி, காவடி, மாரியம்மன் கும்பிடறது, நோய்க்கு யாரைப் பார்க்கிறதுன்னு எல்லாத்தையும் எழுதியிருக்காங்க.

லோபாம்பாவுல ராஜா கிட்ட இருந்தாங்கன்னு வடமராட்சியான் சொன்னாரே, இங்க ராஜா கிடையாது. வீடு வீடா போய்ப் பேசினாங்க, பொம்பளைங்களோட உக்காந்து கேட்டாங்க. எனக்கு இந்தப் புத்தகம் அதனாலயே ரொம்பப் பிடிக்கும்.

---

கரிசல்பிள்ளை எழுதியது:

அந்தப் புத்தகம் வந்த நேரத்தையும் பாருங்க. 1949-ல டர்பன் கலவரம், 1950-ல குரூப் ஏரியாஸ் சட்டம், யார் எந்தப் பகுதியில குடியிருக்கலாம்னு நிறத்தை வெச்சு சர்க்கார் முடிவு பண்ணுச்சு. டர்பன்ல கேட்டோ மேனர்ங்கிற பகுதியில நம்ம ஜனங்க தோட்டம் போட்டு, கோயில் கட்டி, வீடு கட்டி வாழ்ந்த இடத்தை 1958-ல வெள்ளையர் பகுதின்னு அறிவிச்சுட்டாங்க. இந்த அம்மா தீ மிதியும் காவடியும் எழுதிக்கிட்டிருந்த அதே வருஷங்கள். அதுலயாவது ரெண்டையும் சேர்த்து எழுதினாங்களா, இல்ல அங்கயும் கோடு போட்டுட்டாங்களா?

---

வேம்படி எழுதியது:

சேர்த்து எழுதியிருக்காங்க, ஆனா எனக்குப் போதாது. சட்டம், வரலாறு, பாகுபாடு எல்லாம் முன்னாடி ஒரு பகுதியா வருது, அப்புறம் ஜாதி, குடும்பம், வழிபாடுன்னு தனியா போகுது. வெளியேத்தப் போறாங்கன்னு தெரிஞ்ச தெருவுல இருக்கிறவன் இந்த வருஷம் காவடி எடுக்கும்போது என்ன வேண்டிக்கிட்டான், அதை அந்தப் பக்கங்கள்ல நான் தேடிட்டே இருப்பேன். இதைச் சொல்றதால புத்தகத்தோட மதிப்பு குறையாது, அந்தத் தலைமுறை மனுஷங்க சொன்னதை அவங்க எழுதி வெக்கலன்னா இன்னைக்கு நாம எதை வெச்சுப் பேசுவோம்.

1960-களோட தொடக்கத்துல ரெண்டு பேரும் கலிஃபோர்னியா போயிட்டாங்க, லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்துல வேலை. அங்க இருந்து எழுதினதுல ரெண்டு கட்டுரை முக்கியம். ஒண்ணு 1972, கூட்டம் எந்த இடத்துல நடக்குதுங்கறதே அரசியல்னு சொல்றது. இன்னொண்ணு 1973, இன்க்வாலாவுல ராஜா உடுத்தற உடுப்பு, அதுல வர்ற மிருகங்கள் பத்தி. சடங்கை நாப்பது வருஷம் கிட்ட விடாம திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க. 1992-ல இறந்தாங்க.

மெரினாக்காத்து, உங்க தாத்தாவோட சித்தப்பா பேரும் கிராமமும் தெரிஞ்சா அந்தக் கூலிக் கப்பல் பதிவேடுகள்ல தேடலாம், அதுல அப்பா பேரு, ஊரு, தாலுக்கா, ஜாதி, வயசு, எந்த முதலாளிகிட்ட போனாங்கன்னு வரைக்கும் எழுதியிருக்கும். பேரை வெள்ளைக்கார குமாஸ்தா காதுல கேட்டபடி எழுதியிருப்பான், அதனால ரெண்டு மூணு விதமா எழுத்தை மாத்திப் போட்டுத் தேடுங்க. விவரம் எதையும் இங்க பொதுவுல போட வேணாம், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம்.